கூழுக்குப் பாடியவரும் கூழைப் பாடுவோரும்

ஔவையாரைக் ‘கூழுக்குப் பாடி’ என்று குறிக்கும் வழக்குத் தமிழில் நெடுங்காலமாக உண்டு. அக்கதை வரலாறா, புனைவா என்ற ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, கவிதைக்கும் கூழுக்கும் இடையே பசி என்ற ஒன்று நின்றதைத் தமிழர் மறந்துவிடவில்லை என்பதற்கு அப்பெயரே சான்றாகும். இன்று நிலைமை மாறியிருக்கிறது. கூழுக்குப் பாடிய காலம் போய், வயிறு நிறைந்த பின்னர் கூழைப் பாடும் காலம் வந்திருக்கிறது. கோயில் மலர், பாடசாலை மலர், புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்க மலர் என எதனை எடுத்து விரித்தாலும் ‘எமது பாரம்பரிய உணவு’ என்ற கட்டுரை ஒன்று அதில் தவறாது இடம்பெறுகிறது. ஒடியற் கூழ், குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, முசுட்டையிலை வறை, தூதுவளைத் துவையல் ஆகியவற்றின் பெயர்கள் மந்திரம் போல் அடுக்கப்படுகின்றன. இவ்வெழுத்து இப்பொழுது ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. இலக்கிய வகை என்றால் அது விமர்சனத்துக்கும் உட்பட்டதே. அதன் நிறை யாது, குறை யாது என்பதை இங்கே ஆராய முற்படுகின்றோம்.

இம்முயற்சிக்கு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. தீவகத்துப் பாடசாலை ஒன்றில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி நடைபெற்றது. வெள்ளைத்துணி விரித்த நீண்ட மேசை. அதன்மேல் மண்சட்டிகளில் கூழும் கஞ்சியும். வாழையிலையில் ஒடியற் பிட்டும் முருங்கையிலை வறையும். ஒவ்வொன்றின் முன்னும் அதன் மருத்துவ குணத்தை எடுத்துரைக்கும் அட்டை. வந்த பெரியோர் சுவைத்தனர், பாராட்டினர், படம் எடுத்துக்கொண்டனர். அதே வேளையில், கட்டடத்தின் பின்புறம் ஒன்பதாந் தர மாணவி ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதி மூடியபடியே தனியே உண்டுகொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருந்தவை ஒடியற் பிட்டும் முருங்கையிலை வறையுமே. மேசையில் மாலை சூட்டப்படாத குறையாக வைக்கப்பட்டிருந்த அதே உணவு! “இதைத்தானே பிள்ளை அங்கே எல்லாரும் புகழ்கிறார்கள், நீ ஏன் ஒளித்துச் சாப்பிடுகிறாய்?” என்று கேட்டோம். அவள் சொன்னாள்: “அது விருப்பத்துக்குச் சாப்பிடுற ஆக்களுக்கு, சேர். எங்கடை வீட்டிலை வேறை இல்லாததாலை சாப்பிடுறது.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு முன் அந்த அட்டைகள் அனைத்தும் ஊமையாகி நின்றன. உணவு ஒன்றே; ஆயின், ஒருவர்க்கு அது பெருமை, மற்றொருவர்க்கு நாணம். இவ்வேறுபாட்டை உண்டாக்குவது எது? பாரம்பரிய உணவைப் பற்றிய எழுத்துக்கள் இவ்வினாவை எதிர்கொள்கின்றனவா? எம்மிடம் வரும் மாணவர் கட்டுரைகளையும், அவற்றுக்கு மூலமாயுள்ள மலர்க் கட்டுரைகளையும் இக்கண்கொண்டு மீண்டும் படித்தோம்.

தோன்றா எழுவாய் என்பது பள்ளி மாணவரும் அறிந்த இலக்கணம். வினை இருக்கும், வினையைச் செய்தவர் வெளிப்படாது மறைந்து நிற்பார். நாம் படித்த கட்டுரைகளில் எழுவாய் மறைந்ததோடு அமையாது, வினையும் செயப்பாட்டு வினையாகிவிட்டது. கிழங்கு கிண்டப்படுகிறது, ஒடியல் இடிக்கப்படுகிறது, மா அரிக்கப்படுகிறது, கீரை ஆயப்படுகிறது, கூழ் காய்ச்சப்படுகிறது. கிண்டியவர் யார்? இடித்தவர் யார்? காய்ச்சியவர் எப்பொழுது உண்டார்? விடை இல்லை. இறுதி வாக்கியத்தில் மட்டும் ஓர் எழுவாய் தோன்றுகிறது: ‘நாம் சுவைக்கிறோம்’ என்பது. உண்பவர்க்கு எழுவாய் உண்டு, உழைப்பவர்க்கு இல்லை. இது வெறும் நடைக்குற்றமன்று. சமுதாயத்தை நோக்கும் நோக்கிலுள்ள குற்றம் நடையில் வெளிப்பட்டதேயாகும்.

எமது இலக்கிய மரபு இவ்வாறு எழுதக் கற்பித்ததா? இல்லை என்பதற்குச் சான்றோர் செய்யுட்களே சாட்சி. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களை ஒன்று வருகிறது. பசியால் மெலிந்த பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வருகிறாள். உப்பு வாங்கவும் வழியில்லை. உப்பின்றி வெந்த அக்கீரையைச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்ணுமுன், புறங்கூறுவோர் கண்டுவிடுவரே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். புலவர் வேளைக்கீரையின் மருத்துவ குணத்தைப் பாடவில்லை. அடைபட்ட கதவைப் பாடினார். அந்தக் கதவும், எம் மாணவி பாதி மூடிய பெட்டியும் ஒன்றே. வேளை இன்றும் எமது தோட்ட வரம்புகளில் மழைக்குப்பின் தானே முளைக்கிறது; அதைக் கிள்ளி உண்பவரின் நாணமும் இன்னும் மறைந்துவிடவில்லை.

வறுமையை மட்டுமன்றி அடுக்களையின் மகிழ்ச்சியையும் சான்றோர் உழைப்போடு சேர்த்தே கண்டனர். கூடலூர்கிழாரின் குறுந்தொகைச் செய்யுளை எல்லோரும் அறிவர். புதுமணப்பெண் தயிரைக் கையாற் பிசைகிறாள். அக்கையை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை மைதீட்டிய கண்ணில் நிறைகிறது. அவள் துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அந்த இனிமை எத்தனை வினைகளின் முடிவில் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கண்ணில் நிறைந்த புகையைச் சொல்லாது குழம்பின் சுவையை மட்டும் சொல்லியிருந்தால், அது விளம்பரமாக இருந்திருக்கும், கவிதையாக இருந்திராது.

எம் நாட்டுக்கு வருவோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடிய பாட்டு யாழ்ப்பாணத்தார் நாவில் தலைமுறைகளாக வாழ்கிறது. ஆடிக்கூழைப் பற்றிய மலர்க் கட்டுரைகள் பெரும்பாலும் அப்பாட்டையே அடியொற்றுவன. ஆயின், பாட்டுக்கும் கட்டுரைகளுக்குமிடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. புலவர் பாட்டில் அரிசி தானே மாவாகவில்லை. இடித்துத் தெள்ளப்படும் ஓசை அதில் கேட்கிறது. பயறு வறுபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, அன்னை நின்று துழாவுகிறாள், அகப்பையால் அள்ளி வார்க்கிறாள். வினைகளால் நடக்கும் பாட்டு அது, அதனாலேயே உயிருள்ளது. குறையும் உண்டு. பானையில் விழும் பனங்கட்டி எங்கிருந்து வந்தது என்று பாட்டுச் சொல்லவில்லை. பனங்கட்டிக்குப் பின்னால் விடியுமுன் மரமேறியவனின் மார்புத் தழும்பும், கருப்பநீரைக் காய்ச்சிய அவன் மனைவியின் அடுப்புக் கனலும் இருக்கின்றன. குழந்தைப் பாட்டிடம் பொருளியல் விளக்கம் கேட்பது முறையன்று. அதைக் கேட்க நாம் முன்வரவில்லை. வளர்ந்தோர் எழுதும் உரைநடையும் அந்த இடத்தில் மௌனமாகவே இருப்பதைத்தான் குறை கூறுகின்றோம்.

மௌனம் மட்டுமா? பொய்யும் உண்டு. ‘எம் முன்னோர் இவ்வுணவை உண்டு நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்ந்தனர்’ என்பது இவ்வகைக் கட்டுரைகளில் மாறாது வரும் வாய்பாடு. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் பிறந்த ஒரு குழந்தையின் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சராசரியாக ஏறத்தாழ 43 ஆண்டுகளே. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 குழந்தைகள் முதல் வயது நிறையுமுன் மடிந்தன. அக்குழந்தைகளின் தாய்மாரும் குரக்கனும் கீரையும் உண்டவரே. இன்று சராசரி ஆயுள் எழுபத்தைந்தைக் கடந்திருக்கிறதெனின், அது இலவச மருத்துவமும், 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியும், மருத்துவிச்சியரும் தாதியரும் ஊரூராக நடந்த நடையும், பங்கீட்டு அரிசியும் தந்த பேறாகும். மக்கள் போராடியும் வாக்களித்தும் பெற்ற இப்பேற்றை ஒரு வாக்கியத்தால் துடைத்தெறிந்து, புகழ் முழுவதையும் முசுட்டைக் கொடிக்குச் சூட்டுவது முசுட்டைக்கே இழைக்கும் அநீதி.

‘எமது கிராமங்கள் தன்னிறைவு பெற்றிருந்தன’ என்பது இரண்டாவது வாய்பாடு. தீவகத்தைப் பொறுத்தவரை இது எவ்வளவு தூரம் உண்மை? எமது தீவுகள் ஒருபோதும் தம் சோற்றுக்குப் போதிய நெல்லை விளைவித்ததில்லை. அரிசி வன்னியிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. அதை வாங்கும் காசு புகையிலைத் தோட்டத்திலிருந்தும், தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்த தீவார் அனுப்பிய பணவிடையிலிருந்தும் வந்தது. 1942 இல் ரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்து அரிசிக் கப்பல் நின்றபோது, ஒடியலும் மரவள்ளியும் குரக்கனும் எல்லோர் அடுப்பிலும் ஏறின. அப்பொழுது அவற்றை எவரும் பாரம்பரியம் என்று கொண்டாடவில்லை. பஞ்சம் என்றே பெயரிட்டனர். 1953 இல் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. கூழ் குடித்து வாழலாமே என்று அன்றைய தொழிலாளியிடம் எவரும் சொல்லத் துணியவில்லை.

இவ்வளவு கூறியதால் நாம் ஒடியலையும் கீரையையும் இகழ்கின்றோம் என்று எவரும் கொள்ளலாகாது. முற்போக்கு நண்பர்கள் சிலரிடம் அத்தகைய மறுதலைப் பிழை உண்டு. பழைய உணவைப் பற்றிப் பேசுவதே பிற்போக்கு என்பது அவர்கள் எண்ணம். இதுவும் ஆராயாத முடிவு. 1890களில் யாவாவில் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தபோது தேறுவதையும் கண்டார். உயிர்ச்சத்து என்ற கருத்துக்கு வழிகோலிய இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1929 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. எமது பெண்கள் புழுங்கலரிசி குற்றியபோது இவ்விளக்கத்தை அறிந்திருக்கவில்லை. ஆயின் செயல் பிழையாக இருக்கவில்லை. முருங்கையிலையில் உயிர்ச்சத்து ஏயும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் இருப்பதை ஆய்வுகூடம் ஒப்புக்கொள்கிறது. ஆகவே உணவு நல்லது. அதைப் பற்றிய புராணந்தான் தீயது. இரண்டையும் பிரித்தறிவதே விமர்சனத்தின் பணி.

அப்பிரிப்பைச் செய்ய வேண்டுமாயின், மேசையை விட்டு வளவுக்குள் இறங்கவேண்டும். மண்கும்பானில் எமக்குப் பழக்கமான ஒரு வளவைச் சொல்வோம். பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டி, ஊர்காவற்றுறை நோக்கிச் செல்லும் வீதியில் உள்ளது இவ்வூர். மணல் கும்பிகளாகக் குவிந்து கிடப்பதாலேயே இப்பெயர் வந்தது என்பர். அந்த வளவில் மூதாட்டி ஒருவரும், அவர் மகளும், இரு பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். வேலியில் கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும். அவற்றின்மேல் மாரி பிறந்ததும் முசுட்டையும் முடக்கொத்தானும் படரும். கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும். குசினி வாசலில் கறிவேப்பிலை, தூதுவளை, கற்பூரவள்ளி. மூலையில் இரண்டு முருங்கை. பார்ப்பவர்க்கு இது இயற்கையின் கொடை. மூதாட்டிக்கோ இது நாள்தோறும் சுமந்த தண்ணீர். அரிசி கழுவிய நீர் வல்லாரைக்கு, பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு, முகம் கழுவிய நீர் முருங்கைக்கு என்று ஒரு சொட்டும் வீணாகாதபடி அவர் வகுத்திருக்கிறார். குடிக்கும் நீரோ மணற்பாங்கான கிணற்றிலிருந்து குடத்தில் வரவேண்டும்.

அவர் ஒடியற் கூழ் காய்ச்சும் முறையை எழுவாயோடு எழுதிப் பார்ப்போம். பனம்பழக் காலம் முடிந்ததும் மகள் கொட்டைகளைப் பொறுக்கி மணலில் பாத்தி கட்டிப் பரப்புகிறாள். மாரி மழை அவற்றை முளைக்கச் செய்கிறது. தை பிறந்தபின் இருவரும் கிழங்கு கிண்டுகின்றனர். மூதாட்டி தோல் உரித்து, நெடுக்கே கிழித்து, பனியும் வெயிலும் படக் காயவைக்கிறார். மகள் உரலில் இடிக்கிறாள். அரித்தெடுத்த மாவை மூதாட்டி நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மறுபடி நீரூற்றி, கயர்ப்புப் போகும்வரை அதையே திரும்பச் செய்கிறார். பேரன் கரைவலைக்காரரிடம் சிறு மீனும் இரண்டு நண்டும் வாங்கி வருகிறான். பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை ஆகியன மீனோடு அவிகின்றன. அம்மியில் மகள் செத்தல் மிளகாய் அரைக்கிறாள், கண் எரிகிறது. பழப்புளியும் உப்பும் சேர்த்து, மாவைக் கரைத்து வார்த்து, அடிப்பிடியாதபடி துழாவி இறக்குகின்றனர். ஒரு பானைக் கூழில் ஏறத்தாழ ஐந்து மாத வேலை இருக்கிறது. மழை தவிர அதில் பெருவேலை எல்லாம் பெண்களின் வேலை. இதை எழுதும் நாம் உலக்கையைக் கையில் பிடித்தவர் அல்லர் என்பதையும், எமது தாயார் நின்று வார்க்க இருந்து குடித்தவரே என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம் என்று மேடையில் முழங்கும் ஆண்மகன், உரலுக்குத் திரும்பப்போவது யார் என்பதைச் சொல்லாமல் விடுவானாயின், அவன் முழக்கம் மனைவிக்கு இட்ட கட்டளையேயன்றி வேறில்லை.

இனி, நீரைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். ஆறில்லாத எமது தீவுகளில் கீரைப் பாத்தி முழுவதும் நிலத்தடி நீரை நம்பியதே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவரேறும் என்பதும் அதே கணக்குத்தான். மணற்கும்பி மழையைப் பிடித்து வைக்கும் பானை. அதை வெட்டி அள்ளி வண்டியில் ஏற்றுபவன் மணலை மட்டும் ஏற்றவில்லை. மூதாட்டியின் வல்லாரையையும் ஏற்றுகிறான். அம்மணல் எங்கோ ஒரு வீட்டுக்கு மதிலாகிறது. மதில் எழுந்த இடத்தில் உயிர்வேலி போய்விடுகிறது. வேலி போனபின் முசுட்டை படர இடமில்லை. முசுட்டையிலை வறையைப் பற்றி ஏங்கி எழுதும் கட்டுரையாளர் சிலரின் ஊர்வீட்டைச் சுற்றியும் இத்தகைய மதிலே நிற்கிறது. இந்த முரண்பாட்டை அவர் காணாதது ஏன்?

நீர் இருந்தால் போதுமா? அதை அள்ளும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததா? டொமினிக் ஜீவா 1960 இல் தம் முதற் சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டார். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளின் வரலாறு முழுவதும் அவ்விரு சொற்களில் அடங்கும். எமக்கு அயலேயுள்ள புங்குடுதீவில், மு. தளையசிங்கம் 1971 இல் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்து தாக்குண்டார்; 1973 இல், நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார். இலக்கியக் கொள்கையில் அவர் முற்போக்காளரோடு கடுமையாக முரண்பட்டவர். அம்முரண்பாடுகளை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயின், கிணற்றுக் கட்டில் அவர் நின்ற இடம் சரியான இடம். ‘அக்காலத்தில் வீடுதோறும் கீரைத்தோட்டம் இருந்தது’ என்று எழுதுபவர், கிணற்றில் கைவைக்க உரிமையற்றவன் வீட்டுக் கீரைக்கு எவர் நீர் வார்த்தனர் என்பதையும் எழுதவேண்டும். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளில் சமமாக அமர்ந்து அருந்தும் உரிமைக்காக இரத்தம் சிந்தப்பட்ட மண் இது. அந்தப் பேணித் தேநீரும் எமது உணவு வரலாற்றின் ஒரு பகுதியே.

பின்னர் வந்தது போர். 1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கை தீவகத்தில் தொடங்கியபோது மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். அடுப்புகள் அணைந்தன, பனைகள் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டன, கிணறுகள் தூர்ந்தன. ஆளரவமற்ற அக்கிராமங்களின் வெறுமையைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுதியில் பதிவுசெய்தார். ஏக்கம் என்ற உணர்ச்சியை நாம் இகழவில்லை என்பதற்கு அத்தொகுதியை எடுத்துக்காட்டுவோம். அவ்வேக்கம் யார் போனார், ஏன் போனார் என்ற கேள்வியோடு பிறந்தது. அதனால் அது எம்மைச் சுடுகிறது. பாரிசிலும் ரொறன்ரோவிலும் பொதியில் அடைத்த ஒடியல் மாவைக் கரைத்துக் குடிப்பவரின் ஏக்கமும் உண்மையானதே. அவரை எள்ளுவது எமது நோக்கமன்று. அவர் குடிக்கும் கூழில் ஊரின் மணம் வரவேண்டுமாயின், ஊரில் கிழங்கு கிண்டும் பெண்ணுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்ற கேள்வியும் அந்த மணத்தோடு அவர் மூக்கில் ஏறவேண்டும் என்பதே எமது விருப்பம்.

‘பாரம்பரியம்’ என்ற சொல் மலர்க் கட்டுரையோடு நின்றுவிடுமாயின் தீங்கு சிறிது. ஆட்சியாளர் கையில் அது ஆயுதமாகும்போது தீங்கு பெரிது. 2021 மே மாதத்தில், நஞ்சற்ற உணவு, முன்னோர் வேளாண்மை என்ற கோஷங்களோடு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. இயற்கைப் பசளைக்கு மாற ஆண்டுகள் தேவை, ஆயத்தம் தேவை என்று உழவர் கதறினர். நவம்பரில் தடை தளர்ந்தபோது பயிர் கெட்டிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. வளவு இல்லாத கொழும்புச் சேரித் தொழிலாளி எங்கே கீரை நடுவான்? லயன் அறையில் வாழும் மலையகத் தொழிலாளிக்கு முருங்கை நட எவர் நிலத்தில் இடம்? வீட்டுத்தோட்டம் நல்லதே. ஆயின், உணவு தரும் பொறுப்பைத் தன் தோளிலிருந்து இறக்கி, பசித்தவன் தோளிலேயே ஏற்றுவதற்கு அரசு அதைக் கருவியாக்கும்போது, முருங்கை மரத்தின் நிழலில் ஓர் ஏமாற்று நடைபெறுகிறது.

நல்ல எடுத்துக்காட்டுகளும் எம் கண்முன் உண்டு. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் இயங்கத் தொடங்கிய ‘அம்மாச்சி’ உணவகங்களில் பெண்களே உள்ளூர்த் தானியங்களையும் கீரைகளையும் கொண்டு சமைத்து விற்கின்றனர். அங்கே சமைப்பவளை வாங்குபவர் காண்கிறார். அவள் கைக்குக் காசு வருகிறது. சிறு முயற்சிதான், குறைகளும் இருக்கலாம். ஆயினும், தோன்றா எழுவாய் அங்கே தோன்றியிருக்கிறது. அடுக்களைக்குள் கூலியின்றிக் கழிந்த உழைப்பு, சந்தையில் தன் பெயரைச் சொல்லி நிற்கிறது. இத்தகைய முயற்சி தீவகத்துக்கும் வரவேண்டும். இடிக்கும் பொறியும் அரைக்கும் பொறியும் கூட்டுறவாகக் கிடைக்கவேண்டும். உலக்கைக்குத்தான் மணம் உண்டு என்று வாதிடுவோர், முதலில் ஒரு கொத்து ஒடியலைத் தாமே இடித்துவிட்டு வந்து வாதிடட்டும்.

ஆகவே, உணவைப் பற்றிய எழுத்தை மதிப்பிட நாம் வேண்டுவது மூன்று வினாக்களே. உழைத்தவர் அதில் எழுவாயாக நிற்கிறாரா? நிலமும் நீரும் எவர் கையில் உள்ளன என்று அது சொல்கிறதா? இல்லாமையால் உண்பவரையும் விருப்பத்தால் உண்பவரையும் அது வேறுபடுத்திக் காண்கிறதா? இவற்றுக்கு விடை தரும் எழுத்து ஒரு பிடி கீரையைப் பற்றியதாயினும் இலக்கியம். விடை தராதது எத்தனை மூலிகைகளை அடுக்கினும் கடைக்காரன் பட்டியலே.

கண்காட்சி முடிந்த மறுவாரம், எமது வகுப்பில் அதே தலைப்பை மாற்றிக் கொடுத்தோம். ‘நேற்று நீ உண்டது உன் தட்டுக்கு வந்த கதையை எழுதுக, ஒவ்வொரு வினைக்கும் அதைச் செய்தவரின் பெயரைத் தருக, செயப்பாட்டு வினை ஆகாது’ என்பது விதி. வழிகாட்டி நூலிலிருந்து பார்த்தெழுத அதில் வழியில்லை. பாண் தின்றவன் வெதுப்பகத்தில் இரவு விழித்த தன் தமையனை எழுதினான். மீன் தின்றவள் கடலுக்குப் போன தந்தை திரும்பிவந்த நேரத்தை எழுதினாள். அந்த ஒன்பதாந் தர மாணவி, பிறர் பனங்காணியில் வாரத்துக்குக் கிழங்கு கிண்டும் தன் அம்மம்மாவை எழுதினாள். காணிக்காரருக்குப் பாதி கொடுத்ததையும், மீதிப் பாதியைத் தானும் தாயும் இடித்ததையும் எழுதினாள். அக்கட்டுரையில் மருத்துவ குணம் ஒன்றும் இல்லை. புகழ்மொழி ஒன்றும் இல்லை. வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னோம். அவள் தயங்கி எழுந்து, பின் குரல் தாழாமல் படித்தாள்.

பெட்டியின் மூடி அன்றோடு முற்றாகத் திறந்துவிட்டது என்று கூறி எம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள மாட்டோம். அதைத் திறக்கக் கட்டுரை போதாது. பிறர் காணியில் பாதி வாரத்துக்குக் கிண்டும் நிலை மாறவேண்டும், மணற்கும்பி காக்கப்படவேண்டும், நல்ல கிணறு எல்லோர்க்கும் பொதுவாதல் வேண்டும், உரலடியில் ஆணும் நிற்கவேண்டும். அதற்கான போராட்டம் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நடக்கவேண்டியது. ஆயின், உண்மையைப் பெயர் சொல்லி எழுதும் பழக்கத்தை மதிலுக்கு உள்ளேயே தொடங்கலாம். ஆசிரியராகிய எம்மால் அது இயலும். மாணவராகிய உங்களால் அது இன்னும் நன்றாக இயலும்.